ஐந்தாவது பொத்தான்

வெள்ளகோவில். கீழே ஆஸ்பத்திரி, மாடியில் லேப்.
வெள்ளையணு எண்ணும் பெட்டியில் ஐந்து பொத்தான்கள்.
முதல் இரண்டில் எழுத்தே தேய்ந்துவிட்டது,
அடுத்த இரண்டும் மங்கல்.
ஐந்தாவது மட்டும் வாங்கி வந்த நாள் போல.
அது பேசோஃபிலுக்கு.
நூறு அணு எண்ணினால் ஒன்று வரும்,
பல நாள் அதுவும் வராது,
மொய் நோட்டில் பேரில்லாத ஒறம்பரை.

வந்தால் தெரியும்.
நாவல்பழம் நசுங்கிய மாதிரி
கருநீலக் குருணை உட்கருவையே மூடியிருக்கும்.
சாயத்தைச் சித்தெ கூடுதலாகக் கழுவினால்
குருணை தண்ணீரோடு போய்
ஓட்டைச் சாக்காக நிற்கும்.
அதற்கு வேறு பேர் எழுதித்தான்
முதல் வருஷம் நான் திட்டு வாங்கினேன்.

சென்னியப்பன் வந்தது கரிநாள் ராத்திரி.
முத்தூர்ப் பக்கம், அறுபது ஆடு.
ஏழு மணிக்குக் கறிச்சோறு.
பன்னிரண்டுக்கு உள்ளங்கையில் அரிப்பு,
பிறகு முதுகு, வயிறு, காதுமடல்.
உதடு தடித்து, பேச்சு கொழகொழத்து
மகன் வண்டியில் வந்து சேர்ந்தார்.
இது மூன்றாவது தடவை.
“அதே சட்டியில நானுந்தான் தின்னேன்,
எனக்கொண்ணுமில்லீங்கோ” என்றார் பாவாத்தாள்,
சமையலைக் குறை சொன்னதுபோல் முகம் சுண்டி.

கீழே ஊசி போட்டு மூச்சை நிறுத்திப் பிடித்தார்கள்.
மேலே நான் எண்ணினேன்.
நூறு.
சந்தேகத்தில் இன்னொரு நூறு.
ஐந்தாவது பொத்தானுக்கு வேலையே இல்லை.

“ரத்தத்துல இருக்காது, தோலுக்குப் போயிருக்கும்”
என்றார் டாக்டரம்மா.
அங்கே மாஸ்ட் செல்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன,
என் கண்ணாடித் தகட்டுக்கு ஒருநாளும் வராதவை.
இரண்டு கூட்டத்துக்கும் மடியில் ஒரே ஹிஸ்டமின்.
மேலே ஒரே கொக்கி,
அதில் உடம்பு எழுதி மாட்டிய அடையாளச் சீட்டு.
யாருடைய அடையாளம் என்பதுதான் கேள்வி.

“உண்ணி கடிச்சுதுங்களா?”
வீங்கிய உதட்டோடு சிரித்தார் சென்னியப்பன்.
“உண்ணி கடிக்காத ஆட்டுக்காரன்
எந்தூர்லீங்க இருக்கறான்?”

ஐப்பசி மழை கழிந்த கொறங்காடு,
முழங்கால் உயரக் கொழுக்கட்டைப் புல்,
வெள்வேல மரத்தடியில் மத்தியானத் தூக்கம்.
கெண்டைக்காலில் மிளகளவு ஒன்று
மூன்று நாள் தொங்கியிருந்ததாம்.
அதன் எச்சிலில் ஒரு சர்க்கரை.
ஆட்டுக்கறியிலும் அதுவே உண்டு,
மனுஷ உடம்பில் கிடையாது.
கடித்த அன்று உடம்பு சத்தம் போடவில்லை,
எழுதி வைத்துக்கொண்டது.

அன்றைக்கு விடியும்வரை படித்தேன்.
ஒருமுறை கடிபட்ட கினி எலிமேல்
அடுத்த முறை உண்ணி நிலைப்பதில்லையாம்.
கடிவாயைச் சுற்றிக் கூடி நின்றவை
இதே பேசோஃபில்கள்.
நூற்றுக்கு ஒன்றாய் இதைச் சுமந்து திரிவது
ஒருவேளை உண்ணிக்காகத்தானோ.
திருடனை விரட்டப் போட்ட ஆள்
பந்தியில் புகுந்து குழம்பு வாளியைத் தட்டிவிட்டான்.
அவனை வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது.

மாசிக் கடைசியில் மறுபடி வந்தார்.
கோயமுத்தூர் ரிப்போர்ட் கையில்.
“ஆட்டைத் தொடலாமுங்களா?”
தொடலாம்.
“கோழி?”
திங்கலாம்.
“மாமன் மச்சான் கெடா வெட்டுக்குக் கூப்புட்டா?”
நான் ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.
அவரே சொன்னார்:
“மொய் மட்டும் வெச்சுப்போட்டு வந்தர்றேன்.”

கையை நீட்டியபோது
வேட்டிக் கரையில் ஏதோ ஊர்ந்தது.
இரண்டு விரலால் பிடுங்கி, செருப்படியில் தேய்த்து,
“இதையும் எண்ணிப்போடுங்க” என்றார்.

எண்பத்து மூன்றாவது அணு.
கருநீலம், நன்றாகக் கழுவப்பட்டும் கரையாமல்.
பொத்தான் இறுகிக் கிடந்தது,
இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.
அதனால் கணக்கில் இரண்டாகிவிட,
முதலிலிருந்து மறுபடி எண்ணினேன்.